பூட்டைத் திறங்க, ப்ளீஸ்!

குட்டீஸ்... உங்களிடம் ஒரு கேள்வி!

பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, டீயோ, பாலோ குடித்து முடித்த பிறகு எங்கே போகிறீர்கள்?

"டியூஷனுக்கு" என்பார் ஒருவர். "டிவி பார்ப்பேன்" என்பார் இன்னொருவர். "எங்கேயும் போறதில்லை. வீட்டுலயே செல்போன் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்று சொல்பவர்கள் தான் நிறைய பேர் இருப்பீர்கள்.

உடனே அம்மா, "எப்போ பார்த்தாலும் செல்போன்... கண்ணு கெட்டுடும். கீழே வைடா!" என்று திட்டுவார். அம்மா சொல்வது சரி தான். ஆனால், செல்போனைக் கீழே வைத்துவிட்டு எங்கே போவது? இந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் யாரும் சரியாகப் பதில் சொல்வதே இல்லை.

இந்த வாரம் அதைப் பற்றித் தான் பேசப் போகிறோம்.

நடுவில் மாட்டிக் கொண்டவர்கள்!

உங்கள் ஊர்ப் பூங்காவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குட்டிப் பாப்பாக்களுக்கு ஊஞ்சலும், சறுக்கு மரமும் இருக்கும். பெரியவர்கள் நடப்பதற்குப் பாதை இருக்கும். தாத்தா, பாட்டிகள் உட்கார பெஞ்சு இருக்கும்.

12 வயது, 13 வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஊஞ்சலில் உட்கார்ந்தால், "ஏம்ப்பா, இவ்ளோ பெரிய பையன்... இதுல ஏறி உடைக்கவா?" என்று அதட்டு விழும். பந்தை எடுத்தால் காவலாளி விசில் ஊதுவார். நாலு பேர் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பேசினால், "வேலை வெட்டி இல்லாம இங்கே என்ன அரட்டை?" என்பார்கள். தெருவில் விளையாடலாம் என்றால், அங்கே பைக்கும், காரும் வரிசை கட்டி நிற்கும்.

சின்னப் பிள்ளைகளோடு சேரவும் முடியாது. பெரியவர்களோடு சேரவும் முடியாது. நடுவில் மாட்டிக் கொண்டவர்கள் நீங்கள் தான்!

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். ஐந்தாம் வகுப்பு வரை அண்ணனோடும், தம்பியோடும் ஓடிப் பிடித்து விளையாடிய பெண், ஏழாம் வகுப்பு வந்ததும், "பெரிய பொண்ணாயிட்டே... இனிமே வெளியே என்ன விளையாட்டு?" என்று வீட்டுக்குள் உட்கார வைக்கப்படுகிறாள். அண்ணனின் சைக்கிள் வெளியே போகிறது. அவள் ஜன்னலில் நின்று பார்க்கிறாள். கால்கள் இரண்டு பேருக்கும் ஒன்று தானே?

இது விளையாட்டு விஷயம் மட்டுமல்ல... உயிர் விஷயமும் கூட! ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், கல் குவாரிக் குட்டையிலும், ஏரியிலும், ஆற்றிலும் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கி இறந்த செய்தியை நாளிதழில் படிக்கிறோம். "சொன்ன பேச்சைக் கேட்காம போயிட்டாங்க" என்று பெரியவர்கள் வருத்தப்படுகின்றனர். போகக் கூடாத இடங்களின் பெயரை எல்லாம் சொல்லத் தெரிந்த நாம், போகக்கூடிய இடம் ஒன்றைத் திறந்து வைத்தோமா? யோசிக்க வேண்டிய விஷயம்!

இடம் இல்லையா... இருக்கிறதே!

"அதுக்கெல்லாம் கோடிக்கணக்குல பணம் வேணும். இடத்துக்கு எங்கே போறது?" என்று சிலர் கேட்பர். இங்கே தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல ஊர்களில் இடம் ஏற்கனவே இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது, அவ்வளவு தான்!

முதலில் பள்ளிக்கூடம். 2009ல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் விளையாட்டு மைதானமும், நூலகமும் இருக்க வேண்டும் என்கிறது. மைதானம் உள்ள பள்ளிகளில் பல, மாலையில் மணி அடித்த சிறிது நேரத்திலேயே கேட்டை இழுத்துப் பூட்டிவிடுகின்றன. சனி, ஞாயிறு, கோடை விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் பாடம் படிக்கும் நேரத்தில் மைதானம் காலி. பிள்ளைகள் விளையாட நினைக்கும் நேரத்தில் மைதானத்துக்குப் பூட்டு!

அடுத்தது நூலகம். சுதந்திர இந்தியாவில் முதன் முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது எங்கே தெரியுமா? நம்ம ஊரில் தான்! அப்போது சென்னை மாகாணம் என்று பெயர், வருடம் 1948. அதனால் தான், உங்கள் அப்பா வீட்டு வரி கட்டும்போது, அதனுடன் 10 சதவீதம் நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறார். வரி 1,000 ரூபாய் என்றால், நூலகத்துக்கு 100 ரூபாய். ஆக, உங்கள் ஊர் நூலகம் யாரோ போட்ட பிச்சை அல்ல. உங்கள் வீட்டுப் பணமும் அதில் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் கேளுங்கள். தமிழக அரசு, 2006 முதல் 2011 வரை, 'அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' என்று ஒன்றை நடத்தியது. அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம், விளையாட்டு மைதானம் போன்றவற்றை அமைத்துத் தருவது அதில் ஒரு பகுதி. அடேங்கப்பா... எத்தனை ஊர்! ஆனால், அந்தக் கட்டடங்களில் எத்தனையோ, பின்னாளில் பூட்டிக் கிடந்தன. சில ஊர்களில் மைதானத்தில் முள் செடி முளைத்தது. கட்டியவர்கள் கட்டிவிட்டுப் போய்விட்டனர். தினமும் திறப்பது யார், பெருக்குவது யார் என்பதை யாரும் முடிவு செய்யவில்லை.

எனவே நாம் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. இருக்கும் இடத்தை, நீங்கள் வரக்கூடிய நேரத்தில் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் பாதி, பெண் பிள்ளைகளுக்கு வேண்டும். எப்படி நடத்துவது என்று முடிவு செய்யும்போது, உங்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இந்த மூன்றும் தான் நமது கோரிக்கை.

"படிப்பு கெட்டுடுமே!"

பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாதா? மூன்று பதில் தயாராக வைத்திருப்பார்கள்.

* "விளையாடினா படிப்பு கெட்டுடும்!"

நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, உடனே டியூஷனிலும் போய் உட்கார்ந்தால் மனம் எப்படித் தெளியும்? ஒரு மணி நேரம் வியர்க்க ஓடி விளையாடிவிட்டு, குளித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாடம் தானாக மண்டையில் ஏறும். தவிர, 'படிப்பு கெடும்' என்று தடுக்கும் நேரத்தில் பிள்ளைகள் படிக்கிறார்களா? செல்போன் தானே பார்க்கிறார்கள்!

* "கூட்டம் சேர்ந்தா வம்பு தான் வரும்!"

கவனிக்க ஆள் இல்லாத இருட்டு மூலையில் கூட்டம் சேர்ந்தால் வம்பு வரலாம். விளக்கு எரிகிற, நாலு பேர் பார்க்கிற, ஒரு அண்ணனோ, அக்காவோ பொறுப்பாக நிற்கிற இடத்தில் வம்பு வளராது. சண்டை வந்தாலும், சமாதானம் ஆகிக் கொள்ளப் பழகலாமே! 'அவுட்டா, நாட் அவுட்டா' என்று சண்டை போட்டு, பிறகு தோளில் கை போட்டு வீட்டுக்கு வருவதும் ஒரு படிப்பு தானே?

* "ஏதாவது உடைஞ்சா, யாருக்காவது அடிபட்டா யார் பொறுப்பு?"

இது நியாயமான கேள்வி. தலைமை ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. இரவில் யாரோ உள்ளே நுழைந்து குடித்து, பாட்டிலை உடைத்துவிட்டுப் போகின்றனர். காலையில் கண்ணாடித் துண்டு குழந்தைகள் காலில் குத்துகிறது. அதற்குப் பயந்தே பல பள்ளிகளில் கேட்டைப் பூட்டுகின்றனர். அப்படியானால், இதற்கு வழி என்ன? மாலையில் நல்லவர்கள் புழங்கும் இடத்துக்கு, கெட்ட பழக்கம் உள்ளவர்கள் வரத் தயங்குவர். ஆள் அரவமே இல்லாத இடம் தான் அவர்களுக்கு வசதி. பொறுப்புக்கு ஆள் வைத்துத் திறப்பது தான் சரியான வழி; பூட்டியே வைப்பது அல்ல. அதை எப்படிச் செய்வது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பலகை, ஒரு வரிசை!

திறந்த இடம் ஒன்று இருந்தால் என்ன நடக்கும்? நம்ம சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது.

விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது, சென்னையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில், 'தால் செஸ் கிளப்' என்று ஒன்று நடந்து வந்தது. அங்கே ஒரு விதி. ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார்ந்தே அடுத்தவரோடு ஆடலாம். தோற்றவர் எழுந்து, வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்காமல் ஆட வேண்டுமானால், ஜெயித்துக் கொண்டே இருக்க வேண்டும். அப்படி வேக வேகமாக ஆடிப் பழகிய சிறுவன் தான், 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு ஐந்து முறை உலக சாம்பியன்!

இன்னொருவர் காசிமா. வடசென்னையில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்தவர். அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அவர் அங்கே நடத்தி வந்த கேரம் பயிற்சி மையத்தில் தான் காசிமா ஆடிப் பழகினார். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில், தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கப் பதக்கங்களை வென்றபோது அவருக்கு வயது 17 தான்!

செஸ் பலகைக்கும், கேரம் போர்டுக்கும் எவ்வளவு இடம் வேண்டும்? நாலு மேஜை போட ஓர் அறை போதும். ஓர் ஊர் நூலகத்தில் அந்த இடம் இருக்காதா?

எல்லாரும் சாம்பியன் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, குட்டீஸ். ஆகாவிட்டாலும் பரவாயில்லை. மார்க் போடாத, ரேங்க் பார்க்காத ஓர் இடத்தில், தினமும் ஒரு மணி நேரம் நண்பர்களோடு இருப்பதே பெரிய விஷயம் தான்.

கடல் கடந்தும் கொஞ்சம் பார்ப்போமா?

ஐஸ்லாந்து என்று ஒரு குட்டி நாடு. 1998ல் அங்கே 15, 16 வயது மாணவர்களிடம் கணக்கெடுத்தபோது, 100க்கு 42 பேர், கடந்த ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். நாடே அதிர்ந்தது. வெறும் அறிவுரை சொல்லி நிறுத்தவில்லை. விளையாட்டு, இசை, நடனம், ஓவியம் எனப் பிள்ளைகள் மாலையில் போக இடங்களை ஏற்படுத்தினர். தலைநகர் ரெய்க்யாவிக்கில், இதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் ஒதுக்கினர். பெற்றோரும் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிட்டனர். 2016ல், அந்த 42 என்பது 5 ஆகக் குறைந்து விட்டது!

இன்னொரு கதை, நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துடையது. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஊரெங்கும் வீடுகள் இடிந்து, காலி மனைகள் கிடந்தன. 1947ல், ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர், ஒரு சதுக்கத்தில் சின்ன விளையாட்டு இடம் ஒன்றை அமைத்தார். மணல் தொட்டி, தாவிக் குதிக்கக் கற்கள், தொங்கி ஆட இரும்புக் கம்பிகள்... அவ்வளவு தான். செலவும் குறைவு. அதைப் பார்த்த மற்ற தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 'எங்கள் தெருவிலும் ஒரு காலி இடம் இருக்கிறது. எங்களுக்கும் அமைத்துத் தாருங்கள்' என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினர். கடிதம் வர வர, இடங்களும் பெருகின. 1978 வரை, 700க்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்கள் அந்த ஊரில் உருவாயின.

கவனித்தீர்களா? கேட்டவர்களுக்குக் கிடைத்தது!

உங்களுக்கும் உரிமை உண்டு!

"எங்களுக்கு ஓட்டு இல்லையே... எங்க பேச்சை யார் கேட்பாங்க?" என்று நினைக்க வேண்டாம்.

1989ல் ஐக்கிய நாடுகள் சபை, குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1992ல் அதில் சேர்ந்தது. அதன் 31வது பிரிவு, ஓய்வெடுக்கவும், விளையாடவும், கலைகளில் பங்கு பெறவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது. 12வது பிரிவு, தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லவும் உரிமை உண்டு என்கிறது. 18 வயது வரை நீங்கள் எல்லாருமே இதில் அடக்கம். பக்கத்து மாநிலமான கேரளாவில், குடும்பஸ்ரீ அமைப்பின் கீழ் குழந்தைகளுக்கென்றே 'பாலசபா' உண்டு. அங்கே குழந்தைகளே கூடிப் பேசுகின்றனர்.

கேட்பது தப்பில்லை. எப்படிக் கேட்பது என்பது தான் முக்கியம்!

இப்படிச் செய்து பாருங்கள்!

1. முதலில் கணக்கெடுங்கள். ஒரு வாரம், நாலைந்து பேர் சேர்ந்து, உங்கள் ஊரில் உள்ள மைதானம், பூங்கா, நூலகம் எல்லாவற்றையும் பாருங்கள். எது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, எத்தனை பையன்கள் வருகின்றனர், எத்தனை பெண்கள் வருகின்றனர் என்று நோட்டில் குறியுங்கள். 'பெண்கள்' என்ற இடத்தில் சைபர் வந்தால், அந்த சைபரே உங்களுக்காகப் பேசும்!

2. மனு எழுதுங்கள். பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியருக்கு. ஊர் மைதானம் என்றால் ஊராட்சித் தலைவருக்கு. நகரம் என்றால் வார்டு கவுன்சிலருக்கு. நூலகம் என்றால் நூலகருக்கு. நீளமாக வேண்டாம். இதோ மாதிரி:

'ஐயா/அம்மா, வணக்கம். நாங்கள் நம் ஊரில் 6 முதல் 9ம் வகுப்பு வரை படிக்கும் மாணவ, மாணவியர். மாலையில் விளையாட எங்களுக்கு இடம் இல்லை. நம் பள்ளி மைதானத்தை மாலை 4:30 முதல் 6:00 மணி வரையும், சனிக்கிழமைகளில் காலையிலும் திறந்துவிடக் கேட்டுக் கொள்கிறோம். வாரத்தில் மூன்று நாட்கள் மாணவியருக்கு ஒதுக்க வேண்டுகிறோம். மைதானத்தைச் சுத்தமாக வைத்திருப்பதும், சாமான்களைக் கணக்குப் பார்த்து ஒப்படைப்பதும் எங்கள் பொறுப்பு. இப்படிக்கு...'

கீழே எல்லாரும் பெயர் எழுதி, கையெழுத்துப் போடுங்கள். பெற்றோர் கையெழுத்தும் இருந்தால் மதிப்பு கூடும். ஒரு நகல் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

3. பெரியவர்களைக் கூட்டணி சேருங்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர் உண்டு. கிராம சபைக் கூட்டம், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் நடக்கிறது. உங்கள் கோரிக்கையை அம்மாவோ, அப்பாவோ அங்கே எழுந்து சொல்லலாம். திங்கட்கிழமைகளில், கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. பெற்றோருடன் போய் மனு கொடுத்து, ரசீது வாங்கலாம்.

4. பொறுப்பு ஏற்கத் தயாராக இருங்கள். "யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு இது தான் பதில். கல்லூரியில் படிக்கும் அண்ணன், அக்கா இருவரை, ஆளுக்கு இரண்டு நாள் வந்து நிற்கச் சொல்லுங்கள். சாவி யார் வாங்கினார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு நோட்டு போடுங்கள். வாரம் ஒரு நாள் தரையைப் பார்த்து, கண்ணாடித் துண்டு இருந்தால், கையால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லி, துடைப்பத்தால் அப்புறப்படுத்தச் செய்யுங்கள்.

5. பெண் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். "அவங்க தான் வர்றதில்லையே" என்று பையன்கள் சொல்லித் தப்பிக்கக் கூடாது! உங்கள் தங்கையை முதல் நாள் நீங்களே கூட்டிப் போங்கள். அங்கே ஒரு அக்கா நிற்கிறார், விளக்கு எரிகிறது, கழிப்பறை திறந்திருக்கிறது என்று தெரிந்தால், அம்மா சம்மதிப்பார். கழிப்பறைச் சாவியையும் சேர்த்துக் கேளுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால், இது இல்லாததாலேயே பல பெண்கள் வருவதில்லை.

ஒரே மனுவில் எல்லாம் நடந்துவிடாது. முதல் முறை, "பார்க்கலாம்" என்பார்கள். இரண்டாம் முறை, "அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். சலிக்காமல் மூன்றாம் முறையும் போங்கள். மரியாதையாகப் பேசுங்கள், ஆனால், விட்டுவிடாதீர்கள். எல்லா நாளும் கிடைக்காவிட்டால், வாரத்துக்கு இரண்டு நாளாவது கேளுங்கள். அந்த இரண்டு நாளை ஒழுங்காக நடத்திக் காட்டினால், மூன்றாவது நாள் தானாகக் கிடைக்கும்.

பெரியவர்களே... உங்களுக்கும் ஒரு வார்த்தை!

இந்தப் பக்கத்தை, பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் அப்பா, அம்மா, ஆசிரியர்கள் இருப்பீர்கள். "இந்தக் காலத்துப் பசங்க வெளியே வர்றதே இல்லை" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அவர்கள் வெளியே வந்தபோது நாம் என்ன சொன்னோம்? "இங்கே விளையாடாதே, அங்கே உட்காராதே, சத்தம் போடாதே" என்று தானே? பிள்ளைகள் மனு எழுதிக்கொண்டு வந்தால், சிரித்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு கையெழுத்துப் போடுங்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், மைதானத்து ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அது போதும்.

என்ன குட்டீஸ்... நோட்டும், பேனாவும் எடுத்தாச்சா? இந்த சனிக்கிழமையே கணக்கெடுப்பை ஆரம்பித்து விடுங்கள். முதல் கேள்வியை நானே எழுதித் தருகிறேன்:

'எங்கள் ஊர் மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?'

பதிலைக் கண்டுபிடித்து, அவரைப் போய்ப் பாருங்கள். வாழ்த்துக்கள்!